எந்த நுமிசியா?

1

"சின்னவளைத்தான்யா கேட்டோம்! சின்னவளை! ஒருத்தன் வேண்டாம்னு திருப்பி அனுப்பினதைத் தூக்கிட்டுப் போகவா என் தம்பி கடல் தாண்டி வந்திருக்கான்?"

"வார்த்தையை அளந்து பேசுங்கம்மா. 'உன் மகள் நுமிசியாவைத் தர வாக்களிக்கிறாயா'ன்னு உங்க தம்பி கேட்டார். 'வாக்களிக்கிறேன்'னு சொன்னேன். தெருவே சாட்சி. எந்த நுமிசியான்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"முதல் கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு வீட்ல இருக்கும்போது, எவனாவது வாழாவெட்டியைக் கேப்பானா?"

"ஏன், உங்க தம்பி மட்டும் என்ன, நேத்துத்தான் முதல் சவரம் பண்ணிக்கிட்டவரா? அவர் தெருமுனை திரும்பறதுக்கு முன்னாடியே அவரோட மீன்சாறு வாடை வந்து கதவைத் தட்டுது!"

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், ஓஸ்தியாத் துறைமுகத்தில், கயிறு திரிப்பவர்கள் தெருவில், நுமிசியஸ் வீட்டு மாடிப்படியில் நடந்த சண்டை இது. மேல்படியில் நின்று கத்தியவர் கயிற்றுப் பட்டறை முதலாளி நுமிசியஸ். கீழ்ப்படியில் நின்று கத்தியவள் மாப்பிள்ளையின் அக்கா கார்கிலியா. மாப்பிள்ளை கார்கிலியஸ், கடலுக்கு அந்தப் பக்கம் ஹத்ருமேட்டத்தில் மீன்சாறு காய்ச்சி ஊரூராக ஏற்றுமதி செய்கிறவர், ஐம்பதைத் தொட்டவர், நிச்சய மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்படியில் நின்றார். யார் விரலில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் கதை இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறது.

2

எங்கிருந்து வந்தது இந்தக் கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது புறம்பேசினால் அது நானாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஒரு கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. "நுமிசியா. கம்பளி நூற்றாள். வீட்டைக் காத்தாள்." அவ்வளவுதான். அந்தக் கல்லைத் தேடிக்கொண்டு போய்விடாதீர்கள், அது நான் வெட்டியது. ஆனால் நூற்றதும் காத்ததுமான அந்த வரி என்னுடையதல்ல. அது அந்த ஊர்க் கல்தச்சர்களின் கைவசச் சரக்கு. எந்தப் பெண் செத்தாலும் அதையே வெட்டலாம். நூற்றாளா, நூற்றவளைத் திட்டினாளா, அவளுக்கு இடக்கை வழக்கமா, சிரித்தால் மூக்கு சுருங்குமா, எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பெயரும் அப்படித்தான். இது தெரியாமல் நான் மூன்று தொடக்கங்களை வீணாக்கினேன்:

(அ) கடற்காற்று வீசும் ஓஸ்தியா நகரில் நுமிசியா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு தங்கை. தங்கையின் பெயர் நுமிசி—

(ஆ) நுமிசியா நுமிசியாவைப் பார்த்துச் சிரித்த—

(இ) இது பெயரில்லாத இரண்டு பெண்களின்— (இல்லை. பெயர் இருக்கிறது. ஒரே பெயர் இருக்கிறது.)

விஷயம் இவ்வளவுதான்: அப்பன் நுமிசியஸ் என்றால் மகள் நுமிசியா. இரண்டாவது மகளும் நுமிசியா. ஒன்பது பிறந்தாலும் ஒன்பதும் நுமிசியாதான். பெரியவள், சின்னவள், மூன்றாமவள் என்று வால் ஒட்டிக்கொள்வார்கள். ஆண்பிள்ளைகளுக்கு மூன்று மூன்று பெயர், கப்பலுக்குப் பெயர், பந்தயக் குதிரைக்குப் பெயர். கீழ்வீட்டில் துணி வெளுக்கும் எல்பிஸ் அடிமையாக விற்கப்பட்டு, பின்னால் விடுதலை வாங்கியவள். அவளுக்குக்கூட அவளுக்கே அவளுக்கென்று ஒரு பெயர்! "சந்தையில நிக்கும்போது கூப்பிட்டா திரும்பணும்ல, அதுக்கு வச்சாங்க" என்பாள் எல்பிஸ். சுதந்திரமாகப் பிறந்த பெண்ணைத்தான் தனியாகக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை போலிருக்கிறது.

உலகத்தையே ரோடு போட்டு இணைத்தவர்கள், கல்லில் வளைவு கட்டி மலையிலிருந்து தண்ணீரை நடத்திக்கொண்டு வந்தவர்கள், சொந்த வீட்டில் இரண்டு பெண்களைக் கூப்பிட இரண்டு சொல் கண்டுபிடிக்கவில்லை. இதைப் படித்த அன்று நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் வாய் பிளப்பது பெரும்பாலும் பேசத்தான்.

3

ஆள் அறிமுகம். சுருக்கமாக.

நுமிசியஸ்: கெட்டவரில்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் பாடை கட்டக் கயிறு கொண்டுபோய்க் கொடுப்பார். மகள்களைக் கயிற்றுச் சுருள் மாதிரித்தான் நினைத்தார்: நல்ல சரக்கு, நல்ல இடத்துக்குப் போக வேண்டும், ரொம்ப நாள் கிடங்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பெரியவள் கிடங்கில் ரொம்ப நாளாகக் கிடந்தாள். அவளைத் தள்ளிவிடத்தான், தெருவைக் கூட்டிப் போட்ட விருந்தில் "வாக்களிக்கிறேன்" என்றார்.

சின்னவள்: பதிமூன்று வயது. நெடுநெடுவென்று வளர்த்தி. எலும்பில் செய்த, கைகால் மடங்கும் பொம்மை ஒன்று வைத்திருந்தாள். பொம்மைக்குப் பெயர் முஸ்கா. ஈ என்று அர்த்தம். (பொம்மைக்குப் பெயர் இருந்ததை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதிய பிறகுதான் கவனித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.) அந்த ஊர்ப் பெண்குழந்தைகள் கல்யாணத்துக்கு முதல் நாள் பொம்மையைக் குலதெய்வத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பொம்மை கையைவிட்டுப் போனால் குழந்தைப் பருவம் போயிற்று. அப்புறம் அழக் கூடாது.

பெரியவள்: இந்தக் கதை இவளுடையது. பன்னிரண்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை இல்லை என்று சில வருஷம் கழித்து அவன் திருப்பி அனுப்பினான். அதற்குள் அம்மா சின்னவளைப் பெற்றுவிட்டுச் செத்துப்போயிருந்தாள். திரும்பி வந்தவள் ஒரு கையில் தங்கையையும் மறு கையில் பட்டறையையும் தூக்கிக்கொண்டாள். சணல் வந்து இறங்குவதிலிருந்து, முறுக்கேறிய கயிறு கப்பலுக்குப் போவதுவரை அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. குள்ளம். உள்ளங்கை இரண்டும் கயிற்றுப் புரி ஓடி ஓடி ஆமை ஓடு மாதிரி காய்த்துப் போயிருக்கும்.

இப்படியே எழுதினால் இவள் தியாகியாகிவிடுவாள். எனக்குத் தியாகிகளைப் பிடிக்காது. அவர்களைப் பற்றி வம்பு பேச முடியாது. ஆகவே சொல்லிவிடுகிறேன்: பெரியவள் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட மாட்டாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசுவாள். பொதுக் கழிப்பறைக் கல்பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தால், நாம் வந்த வேலையை மறக்கும் அளவுக்குத் தார் விலையைப் பற்றிப் புலம்புவாள். அழகில்லை. பணிவு கிடையவே கிடையாது. சரி, இப்போது எனக்கு மனசு லேசாகிவிட்டது. மேலே போகலாம்.

4

படிச்சண்டையை முடித்துவைத்தது மாப்பிள்ளைதான். அவர் சத்தம் போடாமல் சொன்னார்:

"எதுக்கு இவ்வளவு சத்தம்? என் கப்பல் எல்லாத்துக்கும் இனி உங்க கயிறுதான். சின்னவளைக் கொடுங்க."

நுமிசியஸின் முகத்தில் அப்போது நடந்ததை ஒரு பத்தி எழுதலாம். எழுதினேன், அடித்துவிட்டேன். பாயில் காற்று பிடித்த கப்பல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா... வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க. கார்கிலியாம்மா, நீங்களும் வாங்க. ஏம்மா பெரியவளே, திராட்சை ரசம் எடுத்துட்டு வா. தண்ணி ரொம்ப ஊத்தாதே."

மோதிரம் சின்னவள் விரலில் ஏறியது. தொளதொளவென்று இருந்தது. நழுவாமலிருக்க அவள் விரலை மடக்கிக்கொண்டே சாப்பாடு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

விருந்தாளிகள் போனதும் பெரியவள் ஆரம்பித்தாள். நான் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து கேட்டேன். அதாவது, அந்த நேரத்தில் எனக்கு அங்கே ஜன்னல் இருந்தது. அதைப் பற்றி அடுத்த பகுதியில்.

"அப்பா, அவளுக்குப் பல்லு விழுந்து முளைச்சே நாலு நாள்தான் ஆச்சு."

"உன்னைக் கொடுக்கும்போது நீ இதைவிடச் சின்னவ. சட்டம் பன்னெண்டுன்னு சொல்லுது. இவளுக்கு ஒரு வருஷம் கூடவே ஆயிடுச்சு."

"என்னைக் கொடுத்தீங்க. நான் எப்படித் திரும்பி வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் திரும்பி வந்துட்டியே."

பெரியவள் எழுந்து விருந்துக் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு பேச்சைப் பாதியில் விட்டது அதுவே முதல் தடவை, நான் இங்கே குடிவந்த பிறகு.

5

ஆமாம், குடிவந்தேன். கதைக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. எல்பிஸ் வெளுக்கும் இடத்தில், அழுக்கெடுக்கச் சேர்த்துவைத்த சிறுநீர்ப் பானை நாற்றம். அங்கே எவரும் ஒளிய மாட்டார்கள். பட்டறையில் ஆள் நடமாட்டம். ஆகவே நான்காம் மாடியில் ஓர் அறையைக் கட்டி அதில் நானே குடியேறினேன். கூரை ஒழுகும். தண்ணீர் கீழேயிருந்து சுமக்க வேண்டும். ஆனால் ஜன்னல் பிரமாதம்; அந்தத் தெருவில் என் பார்வைக்கு அகப்படாத அடுப்பே இல்லை. வருஷக்கணக்காக இங்கேதான் இருக்கிறேன். எழுதுகிறவளிடம் வாடகை கேட்க யாரும் வருவதில்லை.

மே மாதம் செத்தவர்களுடையது, அதில் கல்யாணம் ஆகாது. ஜூன் பாதி போகட்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். கல்யாணம் நெருங்கிய ஒரு மத்தியானம், பெரியவள் மூச்சு வாங்க என் படியேறி வந்தாள். கதாபாத்திரம் என் அறைக்கு வந்தது எனக்கே புதுசு.

"நீதானே எல்லாத்தையும் எழுதறவ?"

"ஏதோ, கண்ணுல பட்டதை..."

"எங்க வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரியும். அது போகட்டும். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா உன்னால?"

"முழு நாளா?"

"பார்த்தியா, முகம் வெளுத்துப் போச்சு." சிரித்தாள். மூக்கு சுருங்கியது. "கல்யாணத்தன்னைக்கு அவளை இங்க அனுப்புவேன். ஊர்வலம் துறைமுகம் சேர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் விடாதே."

"அப்போ மணையில யாரு?"

"வாக்கு யாருக்கு? நுமிசியாவுக்கு. ஒரு நுமிசியா வருவா. அம்மா இல்லாத வீடு, பொண்ணை அலங்காரம் பண்றது நான்தான். உள்ள வேற யாரும் வர மாட்டாங்க."

"அடிப்பாவி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"எங்கப்பா நெனச்சா என்னை என்ன வேணா பண்ணலாம், சட்டம் அவர் பக்கம். ஆனா எந்தப் பொண்ணைக் கட்டிக்கொடுத்தோம்னே தெரியாத ஆளுன்னு துறைமுகம் பூரா சிரிக்குமே, அதுக்குச் சட்டம் கிடையாது. கையைச் சேர்த்துட்டா முடிஞ்சது. வாக்கு ஒரு தடவைதான் செல்லும். அப்புறம் சின்னவளைக் கேக்க அவங்களுக்கு வாயே கிடையாது."

"நீ கட்டிக் காத்த பட்டறை?"

அவள் என் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். குனிந்து, முடிச்சை அவிழ்த்து, சரியாகப் போட்டாள். கை அதுபாட்டுக்குச் செய்தது.

"முதல் தடவை நான் போனப்ப என் பொம்மையை அம்மா வாங்கி சாமி முன்னாடி வச்சா. கப்பல் கட்டற இடத்துக்குப் பக்கத்துலதான் அவன் வீடு, எப்பவும் உளிச் சத்தம். அந்த வீட்டுல படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருப்பேன். வேற எதையும் கேக்கக் கூடாதுன்னு. இப்ப நான் வளர்ந்தவ. எனக்கு நெஞ்சுல தைரியம் இருக்கு, கையில வேலை இருக்கு. நான் போறது வேற, அவ போறது வேற. எழுதறியே, இந்த வித்தியாசம் உனக்குப் புரியுதா?"

புரிந்தது. பேச்சு வரவில்லை. எனக்கு!

(இங்கே வாசகர் கேட்கலாம்: அவள் அப்பாவிடம் இன்னொரு முறை மன்றாடியிருக்கலாமே? தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கலாமே? எங்கே ஓடுவது? அந்த உலகத்தில் ரோடுகள் எல்லாம் ஏதோ ஓர் அப்பன் வீட்டு வாசலில்தான் போய் முடிந்தன.)

6

கல்யாணத்தன்று காலை சின்னவள் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கூடவே பெரியவள். பொம்மையை அக்காவிடம் நீட்டினாள் சின்னவள்.

"அக்கா, முஸ்காவை எடுத்துட்டுப் போ. உனக்குத் துணைக்கு."

"அசடு. பொம்மை போச்சுன்னா கல்யாணம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். நீயே வச்சுக்க. கெட்டியா வச்சுக்க."

இங்கே ஒரு சிறு குறிப்பு. அந்த மொழியில் "அக்கா" என்ற சொல்லே கிடையாது. கூடப்பிறந்தவள் என்று ஒரே சொல்தான். முன்னால் பிறந்தாலும் பின்னால் பிறந்தாலும் அதேதான். தமிழில் எழுதியதால் அவளுக்கு அந்த ஒரு சொல்லை நான் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் தைரியமாகக் கொடுத்தது அது ஒன்றுதான். நிஜத்தில் சின்னவள் அவளை வேறு ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டுக்குள், கதவு சாத்தியிருக்கும்போது மட்டும். அது என்னவென்று அப்போது எனக்குக் கேட்கவில்லை.

கீழே எல்பிஸ், கல்யாணப்பெண் தலையில் போட்டுக்கொள்ளும் தீ நிறத் திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பார்க்காதவள்போல் சொன்னாள்: "இது முகத்தை மூடும்படி இழுத்து விட்டுக்கலாம். நேத்துத்தான் கஞ்சி போட்டேன், விறைப்பா நிக்கும்."*

* அந்தத் திரை தலையை மட்டும் மூடுமா, முகத்தையும் மூடுமா என்று படித்தவர்களுக்குள் சண்டை இருக்கிறது. என் கதையில் மூடும். கஞ்சி போட்டிருக்கிறது.

கூடம் நிறைய ஆள். உட்கார்ந்தே இருந்ததால் உயரம் தெரியவில்லை. (சின்னவள் நெட்டை, பெரியவள் குள்ளம் என்று எழுதும்போதே யோசித்திருக்கலாம். உட்கார வைத்துவிட்டேன்.) மாப்பிள்ளை திரைக்குள் பார்க்கவில்லை. மாப்பிள்ளைகள் அந்த நேரத்தில் பெண்ணைப் பார்ப்பதில்லை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

கைசேர்க்க ஒரு சுமங்கலி வேண்டும் என்று நாம் சொல்வோம். அவர்கள் கணக்கு வேறு: ஒரே ஒருவனைக் கட்டி அவனோடு மட்டும் வாழ்ந்தவளாக இருக்க வேண்டும், அவன் செத்திருந்தாலும் பரவாயில்லை. கார்கிலியா அப்படிப்பட்டவள். மீன்சாறு வீட்டின் வாயும் வசவும் அவள்தான். படியில் நின்று "சின்னவளைத்தான்யா கேட்டோம்" என்று கத்தியவள். பெண்ணின் வலக்கையை எடுத்துத் தம்பியின் வலக்கையில் வைக்க வேண்டியது அவள்.

பெரியவள் கடைசி நிமிஷம்வரை இதை நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான். திரை முகத்தை மறைக்கும்; கையை எது மறைக்கும்?

கார்கிலியா கையை எடுத்தாள்.

எடுத்தவளின் கட்டைவிரல் அந்த உள்ளங்கையில் ஒரு தரம் போய் வந்தது. புரி ஓடிய தடம். ஆமை ஓடு. பொம்மை விளையாடும் கையல்ல அது என்று ஒரு குருட்டுக்கும் தெரியும். கார்கிலியா நிமிர்ந்து திரைக்குள் பார்த்தாள். உள்ளேயிருந்து இரண்டு கண் அவளைப் பார்த்தன. அவை கெஞ்சவில்லை.

கூடம் காத்திருந்தது. நுமிசியஸ் தொண்டையைக் கனைத்தார்.

7

இங்கேதான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் வேறு வேலை பார்த்தேன்.

கார்கிலியாவை நான் நம்பவில்லை. அவள் கத்தியிருக்க வேண்டும். "ஏமாத்துறாங்கடா தம்பி!" என்று அந்தத் திரையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு முடிவை எழுதினேன்; நன்றாகவே வந்தது. சத்தம், அழுகை, நுமிசியஸ் மயங்கி விழுவது, எல்லாம். மாலைக்குள் சின்னவளை என் அறையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பொம்மை படியில் உருண்டது. அந்தப் பக்கத்தை இரண்டாவது முறை படிக்க என்னால் முடியவில்லை. எல்பிஸின் பானையில் போட்டுவிட்டேன்.

அப்புறம் அவள் ஏன் கத்தவில்லை என்று யோசித்தேன். வேலை தெரிந்த கை வீட்டுக்கு லாபம் என்று நினைத்திருக்கலாம். அவள் கணக்குப் பார்க்கிற பொம்பளை. ஊர் முன்னால் தம்பி மானம் போகும் என்று பயந்திருக்கலாம். அல்லது அவள் பொம்மையையும் யாரோ ஒருத்தி ஒரு நாள் வாங்கிச் சாமி முன்னால் வைத்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. எல்லார் வீட்டு அடுப்பும் தெரிந்த எனக்கு, அந்த ஒருத்தியின் மனசுக்குள் ஜன்னல் இல்லை. படியில் அவள் கத்தியதைத்தான் கேட்டேன். கத்தாமல் இருந்த நேரமெல்லாம் அவள் யாராக இருந்தாள் என்று நான் விசாரிக்கவேயில்லை.

அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

8

அந்தக் கையைத் தம்பியின் கையில் வைத்தாள். தன் இரண்டு கையாலும் மேலே மூடி அழுத்தினாள்.

"நல்ல கை" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி. "கெட்டியா பிடிச்சுக்கடா தம்பி."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது, நடுங்காமல்: "நீ எங்கே காயுஸோ, அங்கே நான் காயா." அந்த ஊர்க் கல்யாணப்பெண் எல்லாரும் சொல்வது இதைத்தான். அவன் பெயர் காயுஸ் இல்லை, அவள் பெயர் காயா இல்லை, வழக்கம், சொல்லிவைப்பார்கள். பிறந்தபோது அப்பன் பெயர், கட்டும்போது யாரோ ஒரு காயாவின் பெயர், செத்தால் கல்தச்சனின் வரி. அவளை ஒரு பெயரோடு எங்கேயும் நிற்கவிடாதபடி சுற்றிச் சுற்றி அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. யாரென்று குறிக்காத சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அவள் நிமிர்ந்த தலையோடு அதற்குள் நுழைந்து, தங்கையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

எழுந்து நின்றபோதுதான் உயரம் தெரிந்தது. நுமிசியஸுக்கு வாய் திறந்தது. கார்கிலியஸ் திரையை விலக்கிப் பார்த்தார். அவருக்கும் வாய் திறந்தது.

"இது... இது பெரியவ..."

"நுமிசியா" என்றாள் பெரியவள். "கேட்டீங்க, கொடுத்துட்டாங்க."

"அக்கா! நீ பார்த்துதானே கையைச் சேர்த்தே?"

"நான் என்னடா கண்டேன்? நுமிசியான்னு சொன்னாங்க, சேர்த்தேன்" என்றாள் கார்கிலியா. "சம்பந்தி, நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணு இல்லையா இது?"

ஊரே நுமிசியஸைப் பார்த்தது. இல்லை என்றால் யாருடைய மகள்? ஆமாம் என்றால் வாக்கு தீர்ந்தது. அவர் கயிற்றுக்காரர், தான் எங்கே கட்டப்பட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"என் பொண்ணுதான்" என்றார். பிறகு, எதற்கோ, இன்னொரு தடவை சொன்னார்: "என் பொண்ணுதான்."

யாரோ முதலில் சிரித்தார்கள், எல்பிஸ் என்று நினைக்கிறேன். அப்புறம் கல்யாண வழக்கப்படி கொட்டைகளை வாரி இறைத்து, ஊர்வலப் பாட்டைக் கெட்ட வார்த்தையோடு பாட ஆரம்பித்துவிட்டார்கள். இனி யார் தடுப்பது?

நாளைக்கே திருப்பி அனுப்பலாமே என்று கேட்கிறீர்கள். அனுப்பலாம், அந்த ஊரில் அது சுலபம். ஆனால் ஏன் அனுப்பினாய் என்று மீன்சந்தையில் கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வார்? இன்னொன்றும் காதில் விழுந்தது. கல்யாணப்பெண் இடுப்பில் கம்பளிக் கயிற்றை முடிச்சிட்டிருப்பார்கள், அதை மாப்பிள்ளை அவிழ்க்க வேண்டும். பெரியவள் தன் முடிச்சைத் தானே போட்டுக்கொண்டாள். கப்பலைத் துறையில் கட்டுகிற முடிச்சு. ஹத்ருமேட்டம் போய்ச் சேர்ந்தும் அவர் அதோடு போராடிக்கொண்டிருந்தார் என்றும், கடைசியில் "நீங்களே அவிழ்த்துவிடுங்கம்மா" என்று மரியாதையாகக் கேட்டார் என்றும் மாலுமிகள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் அவளை ஒருமையில் பேசவில்லையாம். மாலுமிகள் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பாதியே போதும்.

ஊர்வலம் எங்கள் தெருவைத் தாண்டும்போது சின்னவளை ஜன்னல் பக்கம் விடாதே என்றது எனக்கு ஞாபகம் இருந்தது. விட்டேன்.

அவள் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். அக்கா என்றல்ல. நுமிசியா என்றல்ல. அந்த வேறு சொல், கதவு சாத்தியபோது மட்டும் சொல்வது. தெரு முழுக்கப் பாட்டுச் சத்தம். யாருக்கும் அது ஒரு பெயர் என்றே தெரிந்திருக்காது. தீ நிறத் திரை மட்டும் திரும்பியது. கீழேயிருந்து ஒரு காய்த்த கை உயர்ந்தது.

எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றேன் அல்லவா?

9

அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள்:

நுமிசியஸ் சில மாதம் தெருவில் தலைகாட்டவில்லை. பிறகு, பெரியவளைத் தள்ளிவிட்டதே தன் சாமர்த்தியம் என்று தானே சொல்லித் திரிந்தார். மாப்பிள்ளை கப்பல்களுக்குக் கயிறு இங்கிருந்துதான் போயிற்று. அதை வாங்குவது பெரியவள், குறை சொல்லித் திருப்பி அனுப்புவதும் பெரியவள். எல்பிஸ் ஒரு படகோட்டியோடு ஓடிப்போனாள், அந்த வயசில்! கார்கிலியா தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டைவிட்டுக் கிளம்பி, வயல் பக்கம் சின்னதாக ஒரு வீட்டில் போய் இருந்துகொண்டாள். "இனிமே என் வாய் அங்க தேவையில்லை, அவளுக்கே இருக்கு" என்றாளாம்.

சின்னவள் பட்டறையில் நின்றாள். அவள் கையும் காய்த்தது. நன்றாக வளர்ந்த பிறகு, ஒருநாள் தானே பொம்மையைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட்டு, கப்பல் பாய் தைக்கிற சௌஃபேயஸைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்குழந்தைகள். ஊர் வழக்கப்படி இரண்டும் சௌஃபேயா. ஆனால் மாலையில், பட்டறைக் கதவைச் சாத்தியதும், பெரியதை அவள் கூப்பிடுவாள்; அன்று ஜன்னலிலிருந்து கத்தினாளே, அதே பெயரால். அது ஓடி வரும்.

ஊரில் ஒரு சேதி விடாமல் சொல்லிப் பிழைப்பவள் நான். அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு நாள்தான் வாயை மூடச் சொன்னாள். நாள் முடிந்தும் எனக்குத் திறக்க வரவில்லை. கல்லில் "நுமிசியா" என்று வெட்டியதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அங்கே என்ன வெட்டுவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, கம்பளி நூற்றாள் என்று மட்டும் வேண்டாம்.

நானும் அந்த அறையைக் காலி செய்துவிட்டேன். கதை முடிந்தால் வாடகை கேட்பார்களாம்.